எண்ணாமல் சொன்ன ஏழு

"உன் தப்பு இல்லை" என்ற வார்த்தை என்னை வதைத்த அளவுக்கு எந்த வசவும் வதைத்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷத்துக்கு மேல், பார்க்கிற ஆளெல்லாம் அதைத்தான் சொன்னார்கள். மாமியார் சொன்னார், அம்மா சொன்னார், பாலக்கோடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்கூடக் கதையைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அத்தனை பேரும் நல்லவர்கள். அத்தனை பேரும் சொன்னது தவறு. தப்பு என்னுடையதுதான். விதி செய்யவில்லை, கடவுள் சோதிக்கவில்லை, நான் செய்தேன். இதை இப்போது பூசி மெழுகாமல் எழுதுகிறேன். அப்படி எழுதுகிற இடத்துக்கு வந்து சேர்வதற்குத்தான் அத்தனை நாள் ஆயிற்று.

பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி இரண்டு மைல் நடந்தால் எங்கள் கொட்டாய். ஊரைவிட்டுத் தள்ளி நிலத்திலேயே கட்டிக்கொண்ட வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு மாடு. பின்னால் ஒரு கரடு, மரமில்லாத கல் குன்று. கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவ்வளவு படித்த மருமகள் வேறு யாரும் இல்லை. மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள், கடிதம் படிக்க என்னிடம்தான் வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறையவே இருந்தது.

மழை இரண்டு வருஷம் ஏமாற்றியதில் கிணறு வற்றிப்போனது. தக்காளி வைத்தால் பாதியில் காய்ந்தது. என் வீட்டுக்காரர் கிணற்றை இன்னும் பத்தடி இறக்கிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அடியில் முழுக்கப் பாறை. கிணறு வெட்டும் ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள், ஒரு மேஸ்திரியும் நான்கு பேரும். தங்களுக்குள் தெலுங்கு பேசிக்கொள்வார்கள், எங்களிடம் தமிழ். காலையிலிருந்து ஒருவர் உளியைப் பிடிக்க இன்னொருவர் சம்மட்டியால் அடித்துப் பாறையில் குழி போடுவார்கள். உச்சி வேளையில் குழிகளில் வெடிமருந்து கெட்டித்துத் திரி வைப்பார்கள். ஒவ்வொரு திரிக்கும் ஒரு நீளம். அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும், எண்ணலாம்.

எண்ணுவதுதான் முக்கியம். ஏழு குழி வைத்தால் ஏழு சத்தம் கேட்க வேண்டும். ஆறுதான் கேட்டது என்றால் ஒன்று வெடிக்காமல் கல்லுக்கடியில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் கிணற்றில் இறங்கக் கூடாது. மறுநாள் மேஸ்திரி மட்டும் போய் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார். எங்கள் பக்கம் இதில் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணுவது கிணற்றுக்காரர் வீட்டு ஆள். வேலைக்காரர்களும் மனசுக்குள் எண்ணிக்கொள்வார்கள், ஆனால் கடைசிச் சொல் அந்த வீட்டினுடையது. உங்கள் கிணறு, உங்கள் வாயால் சொல்லுங்கள், நாங்கள் இறங்குகிறோம் என்பது அதன் பொருள். எங்கள் வீட்டில் அந்த வேலை முதல் நாளே எனக்கு வந்தது. "படிச்ச பொண்ணு இருக்கும்போது நான் எண்ணி என்னாத்துக்கு?" என்றார் மாமியார்.

பன்னிரண்டு நாள் சரியாக எண்ணினேன். பதின்மூன்றாம் நாள் மேஸ்திரி ஒரு சாவுக்குப் போயிருந்தார். மற்றவர்கள் ஏழு திரி கொளுத்திவிட்டு ஓடி வந்தார்கள். நான் வழக்கம்போல மாட்டுக்கொட்டகைச் சுவருக்குப் பின்னால் நின்றேன். என்னோடு பக்கத்துக் கொட்டாய் அக்காவும் நின்றார். மோர் வாங்க வந்தவர், வெடி முடிகிற வரைக்கும் போக முடியாதே. சும்மா நிற்கிற நேரத்தில் அவர் தன் வீட்டுக்காரர் கதையை எடுத்தார். அந்த அண்ணன் தர்மபுரிக்குப் போகிறேன் என்று பஸ் மாறி ஏறி, அசந்து தூங்கி, ராயக்கோட்டையில் இறங்கி, அங்கே நின்றுகொண்டு "கோர்ட் எங்க இருக்குது?" என்று ஊரெல்லாம் விசாரித்தாராம்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் மடக்கிக்கொண்டுதான் இருந்தேன். கோர்ட் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினேன். மடக்கிய விரல்கள் விரிந்துவிட்டன. நாங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது வெடிச்சத்தமும் ஓய்ந்திருந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, இடையில் கேட்ட வெடிகள் ஒன்றுகூட நினைவில்லை.

என் வீட்டுக்காரர் கிணற்று மேட்டிலிருந்து, "என்னா புள்ள, ஏழும் போச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"தெரியலீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வாசகம் வாசிக்கிறவள், கடிதம் படிக்கிறவள், ஏழு வரை எண்ணத் தெரியாமல் நின்றாள் என்று ஆகிவிடுமே.

"ஏழும் போச்சுங்க" என்றேன்.

வேலையாட்களில் இளையவராக இருந்தவர் என் பக்கம் திரும்பி, "அம்மா, எனக்கு ஆறுதான் கேட்டாப்புல இருந்துச்சு" என்றார்.

"ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றேன். அதே குரலில், அதே திமிரில், இப்போதும் என் காதில் விழுகிறது.

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். ஊற்று கசிகிறதா என்று பார்க்க அவருக்கு அவ்வளவு அவசரம். ஆட்கள் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடப்பாரை கல்லில் இரண்டு மூன்று முறை மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஏழாவது வெடித்தது. அதை மட்டும் நான் சரியாக எண்ணினேன்.

தர்மபுரியில் சேர்த்து, அங்கிருந்து சேலத்துக்குக் கொண்டுபோனோம். உயிர் பிழைத்தார். இடது கண் போனது. வலது கையில் மூன்று விரல் போனது. ஒரு மாதம் கழித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இத போட்டா மாடு மெரளுது" என்றார். அந்த மனுஷன் அப்படி.

அதற்குள் ஊரில் ஒரு கதை தயாராகியிருந்தது. கரடு ஏமாற்றிவிட்டது என்று கதை. ஆறு வெடி வெடித்ததாம், ஒரு சத்தம் கரட்டில் மோதித் திரும்பி வந்ததாம், பாவம் அந்தப் பெண் அதையும் சேர்த்து எண்ணிவிட்டதாம். இதை முதலில் சொன்னது என் மாமியார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், அவரே நம்பியும் சொன்னார். அப்புறம் பார்க்க வேண்டும் வேடிக்கையை. ஆட்கள் கிளம்பி வந்து எங்கள் கிணற்று மேட்டில் நின்று கரட்டைப் பார்த்து "ஹோய்" என்று கத்திப் பார்த்தார்கள். திரும்பி வருகிறது என்றார் ஒருவர். வரவில்லை என்றார் இன்னொருவர். அதற்கு ஒரு சண்டை. பெரும்பான்மையினர் வருகிறது என்று முடிவு செய்தார்கள். நான் உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு இந்தக் கூச்சலைக் கேட்டேன்.

அப்போதுதான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு என்ன பெயர் என்று அன்றைக்குத் தெரியாது. துக்கம் என்று நினைத்தேன், துக்கம் இல்லை. துக்கமென்றால் அழலாம். எனக்கு அழுகை வரவில்லை. விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருக்கும். எழுந்து போய்ப் பல் தேய்ப்பது ஒரு மலையை ஏறுகிற வேலையாக இருக்கும். களி வாயில் மண்ணாக இருந்தது. தலையில் பேன் புழுத்தது. மாமியார்தான் பிடித்து உட்காரவைத்துப் பார்ப்பார். தக்காளிக்கு அடிக்கிற மருந்து வழக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு நாள் இல்லை. அவர் எடுத்து ஒளித்து வைத்துவிட்டார் என்று புரிந்தது. அவர் வீணாகப் பயந்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பயந்த கோளாறு, தாயத்து கட்டு என்றார்கள். பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். மனசைத் தைரியமாக வைத்துக்கொள் என்றார்கள். அந்த மனசு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா எடுத்துத் தைரியமாக வைப்பதற்கு! தர்மபுரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனார். அவர் அதிகம் பேசவில்லை. இது ஒரு நோய், மாத்திரை தருகிறேன், விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, பேன் பார்க்க நானே உட்கார்ந்தேன். பைத்திய மாத்திரை என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு வருஷம் சாப்பிட்டேன், அதில் எனக்கு எள்ளளவும் வெட்கமில்லை.

ஆனால் மாத்திரை எட்டாத இடம் ஒன்று இருந்தது. கரடு ஏமாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னைத் தவிரத் தெரிந்தவர் பக்கத்துக் கொட்டாய் அக்கா மட்டும்தான்.

தவக்காலத்தில் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எண்ணவில்லை, எண்ணியதாகப் பொய் சொன்னேன் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார். கடவுள் மன்னித்துவிட்டார் என்று சொல்லிச் செபமாலை சொல்லச் சொன்னார். முட்டி வலிக்கச் சொன்னேன். ஒன்றும் குறையவில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியில் எனக்கு வந்த நினைப்பு தேவதூஷணமா என்று தெரியாது, ஆனால் வந்தது. கடவுளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தானே இருக்கிறது, அவர் மன்னிப்பதற்கு என்ன? கண் போனவரிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

சொல்ல முடியாமல் செய்தது அவருடைய நல்ல குணம். என்னை அவர் ஒரு சொல் சொல்லவில்லை. இடது கையால் சவரம் செய்யப் பழகினார், இடது கையால் கயிறு முடிபோடப் பழகினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்திரி புள்ள, எனக்கு ஒரு கண்ணு போதும். இந்த ஊர்ல ரெண்டு கண்ணால பாக்கற அளவுக்கு என்னா இருக்குது?" என்பார். என் மேல் வர வேண்டிய கோபத்தையெல்லாம் கொண்டுபோய்க் கரட்டின் மேல் போட்டார். தினமும் காலையில் மாடு பிடித்துக் கட்டும்போது கரட்டைப் பார்த்துத் திட்டுவார். அசல் திட்டு. அதன் பிறப்பைச் சந்தேகிப்பார், அதை உடைத்து ஜல்லி போடுகிறேன் பார் என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் உள்ளே படுத்தபடி அத்தனையையும் கேட்பேன். எனக்குச் சேர வேண்டிய வசவை ஒரு கல்குன்று வாங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பக்கத்துக் கொட்டாய் அக்கா வந்தார். அந்த விபத்துக்கப்புறம் அவர் என்னிடம் தனியாகப் பேசியதே இல்லை. ஒரு கிண்ணத்தில் அவரைக்காய்க் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நாம பேசிக்கினு இருந்தத யாருகிட்டயும் சொல்லிறாத கண்ணு. எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டுருவாரு. கரடுன்னு ஊரே சொல்லுது. அப்பிடியே போகட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அவர் என்ன செய்தார், ஒரு கதை சொன்னார். எண்ண வேண்டியவள் நான். கோபம் வந்தது 'அப்பிடியே போகட்டும்' என்ற சொல்லின் மேல். எங்கே போகும்? எல்லோருக்கும் போய்விடும். என் உள்ளே மட்டும் உட்கார்ந்திருக்கும். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது அன்றைக்குத்தான். குழம்பை வாங்கி வைத்துக்கொண்டு, "உங்க பேரு சொல்ல மாட்டேன்க்கா. என் பேரத்தான் சொல்லப் போறேன்" என்றேன். அவர் முகம் வெளுத்துப் போய் எழுந்து போனார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கரட்டைத் திட்ட ஆரம்பித்தார். எழுந்தேன். தலையை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்குப் போனேன்.

"கரட்ட திட்டாதீங்க" என்றேன்.

"ஏன், அது உங்க சொந்தக்காரனா?" என்றார். நான் வெளியே வந்து நின்றதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அது ஒண்ணும் பண்ணலீங்க. நான் எண்ணல. மூணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் பேசிச் சிரிச்சுக்கினு இருந்துட்டேன். நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு ஏழுன்னு சொல்லிட்டேன்."

அவர் கையிலிருந்த கயிற்றை மாடு இழுத்தது. விட்டுவிட்டார்.

"சிரிச்சியா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"ஒருத்தரு பஸ் மாறி ஏறி ராயக்கோட்டைக்குப் போனதுக்கு."

ஒற்றைக் கண்ணால் என்னை அவர் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. மாட்டின் பின்னால் நடந்து போய்விட்டார்.

மாமியார் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். "வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் நான் ஒரு கதைய சொல்லி வெச்சிருக்கேன், நீ என்னாடான்னா…" என்று அழுதார். கொஞ்ச நாள் உங்கள் அம்மா வீட்டில் போய் இரு, அவன் சூடு தணியட்டும் என்றார். நான் போக மாட்டேன் என்றேன். "அவரு போகச் சொல்லட்டும் அத்தே, அப்பகூட யோசிச்சுத்தான் போவேன்" என்றேன்.

அன்றைக்கு மத்தியானம் எனக்குப் பசித்தது. இதை யார் நம்புவார்கள் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் முதன்முதலாக என் மேல் கோபப்பட்ட நாளில், விபத்துக்குப் பிறகு முதன்முதலாக எனக்குப் பசித்தது. இரண்டு உருண்டை களியை அந்த அக்காவின் அவரைக்காய்க் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டேன். காரமாக இருந்தது. காரம் தெரிந்தது.

பதினொரு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. அந்தப் பதினொரு நாளும் நான் படுக்கவில்லை. மாடு கறந்தேன், சாணி அள்ளினேன், அவருக்குச் சோறு வைத்தேன். நான் வைத்தால் சாப்பிடாமல் எழுந்து போவார், மறுவேளையும் வைப்பேன். இருளெல்லாம் விலகிச் சூரியன் வந்தது என்று நான் கதை விடப்போவதில்லை. அந்த நாட்களிலும் காலையில் எழுவது மலையாகத்தான் இருந்தது. ஆனால் முன்பு நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வெற்றுச் சுவர். இப்போது என் எதிரே ஒரு கோபக்கார மனுஷன் இருந்தார். சுவரைவிட அது மேல்.

பன்னிரண்டாம் நாள் நாற்றங்காலில் நான் களை எடுத்துக்கொண்டிருந்தபோது வரப்பில் வந்து நின்றார்.

"உன்னைய நான் மன்னிக்கல" என்றார்.

"சரிங்க."

"மன்னிச்சுட்டேன்னு சொல்லுன்னு எங்கிட்ட வந்து நிக்காத. அழுவாத."

"நிக்க மாட்டேன்."

"ஆனா ஆத்தா வூட்டுக்குப் போறேன்னு பொட்டிய தூக்காத. நாத்து நடணும். எனக்கு ஒரு கை இல்ல."

"நான் எங்கயும் போறதா இல்லீங்க" என்றேன். அவர் வரப்பில் உட்கார்ந்து, இடது கையால் தானும் களை பிடுங்க ஆரம்பித்தார். பாதி நாற்றையும் சேர்த்துப் பிடுங்கினார். அதைச் சொன்னேன். "எல்லாந்தெரிஞ்சவ" என்று முனகினார். வருஷங்கள் கழித்து மன்னித்தாரா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதைக் கேட்காமலே இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தோம்.

அடுத்த கோடையில் கிணற்று வேலையை மறுபடி தொடங்கினோம். அதே மேஸ்திரி, அதே ஆட்கள். முதல் நாள் உச்சி வேளையில் மேஸ்திரி என் மாமியாரிடம் போய், "நீங்க எண்ணுங்கம்மா. அந்தப் பொண்ணு வேணாம், பாவம், கரடு ஏமாத்திருச்சு" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் நடுவில் போய் நின்றேன். "கரடு ஏமாத்தலீங்க. நான் எண்ணல. பேசிக்கினு இருந்துட்டு, தெரியாதத தெரிஞ்சாப்புல சொல்லிட்டேன். உங்க ஆளு ஆறுன்னு சரியாத்தான் சொன்னாரு. நாந்தான் அவரு வாய அடைச்சேன்."

அந்த இளைய ஆள் தலையைக் குனிந்துகொண்டார். அவர் இத்தனை நாளும் தன் காதைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. இதை நான் யோசித்தே பார்த்ததில்லை. என் பொய் அவரையும் ஒரு வருஷம் தின்றிருக்கிறது.

மேஸ்திரி தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "அப்ப நீங்க எண்ணவே கூடாது" என்றார்.

"நான்தான் எண்ணுவேன்."

"நாங்க எறங்க மாட்டோம்."

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "அவளே எண்ணட்டும்" என்றார். "இன்னிக்கி இந்த ஊர்ல அவளவிட பயந்து எண்ற ஆளு கெடையாது. அன்னிக்கி அவ சொன்னத கேட்டுட்டு ஒருத்தந்தான் எறங்கினான். இன்னிக்கும் அவனே மொதல்ல எறங்குறான். உங்களுக்கு என்னா வந்துச்சு?" மேஸ்திரி திரியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

தினமும் எண்ணினேன். தனியாக, யாரையும் பக்கத்தில் அண்ட விடாமல், ஒவ்வொரு சத்தத்துக்கும் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்து எண்ணினேன். எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் நாள் நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த மாதிரி இருந்தது. இரண்டா, ஒன்றேதானா? கரி சுவரில் நின்றுவிட்டது. மிச்ச வெடிகளும் வெடித்து முடிந்தன.

"ஏழும் போச்சு!" என்று கிணற்று மேட்டிலிருந்து மேஸ்திரி கத்தினார். ஆட்களும் ஏழு என்றார்கள். என் வீட்டுக்காரரும், "ஏழுதான் புள்ள, நல்லா கேட்டுச்சு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியல" என்றேன்.

"நாங்க அஞ்சு பேரு சொல்றோம், ஏழும்மா."

"நீங்க சொல்றது நெசமா இருக்கும். எனக்குத் தெரியல. யாரும் எறங்கக் கூடாது."

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் வேலை போகும், சாயங்காலத்துக்குள் கல்லை அள்ளியாக வேண்டும், பொம்பளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது என்று சத்தம் போட்டார். நான் போய்க் கிணற்றின் முதல் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மாமியார் கெஞ்சினார். இறங்குவதாக இருந்தால் என்னை மிதித்துக்கொண்டு இறங்குங்கள் என்றேன். பொழுது சாயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் இறங்கவில்லை.

மறுநாள் காலை மேஸ்திரி மட்டும் இறங்கி ஒவ்வொரு குழியாகப் பார்த்தார். மேலே ஏறி வந்து, ஏழு விரலைக் காட்டி, என்னைப் பார்க்காமலே பீடி பற்றவைத்தார். ஏழும் வெடித்திருந்தன. இளைய ஆள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார்.

"ஒரு நாள் வேலைய கெடுத்துட்ட" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா, கெடுத்துட்டேன்" என்றேன்.

அதுவும் என் தப்புதான். அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.